நகரமா, சிறு ஊரா: குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது, அல்லது குடியேற்ற விசா வந்துவிடும்போல இருக்கிறது. அடுத்த கேள்வி, எந்த ஊரில் போய் இறங்குவது? வீட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். நகரத்தில் சம்பளம் அதிகம், வாடகையும் அதிகம். சிறு ஊரில் காற்று நன்றாக இருக்கும், நெரிசல் கிடையாது, ஆனால் பொழுது போகாது. தாளின் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதினால் கடைசியில் இரண்டும் சமமாக வந்து நிற்கும். அப்புறம் தெரிந்தவர் யார் எங்கே இருக்கிறார் என்பதை வைத்து ஊர் முடிவாகிவிடும்.

அந்தப் பட்டியலில் எழுதுவது எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒரு குடும்பம் புது நாட்டில் கால் ஊன்றுவதும் தடுமாறுவதும் அந்த விஷயங்களால் அல்ல. தனியாளாகப் போகிறவர் தப்பான ஊரில் மாட்டிக்கொண்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். குடும்பம் என்றால் பள்ளி, வாடகை ஒப்பந்தம், குழந்தைக் காப்பகத்தில் காத்திருந்து வாங்கிய இடம், கணவன் மனைவி இருவரின் வேலை என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெயர்க்க வேண்டும். அதனால் நான் இரண்டு கேள்விகளைத்தான் முன்னால் வைப்பேன். நம்பி வந்த வேலை போனால் அதே ஊரில் இன்னொன்று கிடைக்குமா? வேலையோடு வராத மற்றவர் பகல் முழுக்க அங்கே என்ன செய்வார்? வாடகை, நெரிசல், பசுமை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

எந்த மாதிரி சிறு ஊர்?

சிறு ஊர்களை எல்லாம் ஒரே கூடையில் போட முடியாது. ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில் சுமார் 15,000 பேர்தான் இருக்கிறார்கள். ஆனால் எஸ்ஏபி (SAP) மென்பொருள் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். அதே நாட்டில் ஹெர்சோகெனாவ்ராக் என்ற சின்ன ஊரில் அடிடாஸ், பூமா, ஷெஃப்லர் மூன்றுக்கும் தலைமையகம் இருக்கிறது. நெதர்லாந்தின் வெல்ட்ஹோவனில் சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்கிற ஏஎஸ்எம்எல் இருக்கிறது. இங்கெல்லாம் வேலையின் தரத்திலும் சம்பளத்திலும் தலைநகரத்துக்குக் குறைவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களையும் அந்த ஊர் பார்த்துப் பழகியிருக்கும்.

இன்னொரு வகை, பல்கலைக்கழக ஊர். சுவீடனின் லுண்ட், ஜெர்மனியின் கோட்டிங்கன், நியூசிலாந்தின் பால்மர்ஸ்டன் நார்த் போன்றவை. மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த ஊரும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருக்கும் ராசெஸ்டர், மேயோ கிளினிக்கால் உலகத்துக்கே தெரிந்த ஊர். இந்த இரண்டு வகையிலும் பல நாட்டு மனிதர்கள் வந்து போய்க்கொண்டே இருப்பதால் பள்ளி, நூலகம், மருத்துவமனை எதிலும் புதிதாக வந்தவரை வினோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

இறைச்சி ஆலை, சுரங்கம், பண்ணை இவற்றை வைத்து ஓடும் ஊர்கள் வேறு மாதிரி. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் இருக்கும் பிராண்டனில் பன்றி இறைச்சி ஆலை வேலைக்காகவே பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து குடியேறியிருக்கிறார்கள். இங்கே உடலுழைப்பு வேலை சட்டென்று கிடைக்கும். ஆனால் கணக்கியலோ மென்பொருளோ படித்துவிட்டு வரும் இன்னொருவருக்கு என்ன கிடைக்கும் என்பது தனிக்கேள்வி. கடைசி வகை, பெருநகரத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் ஊர். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

‘சிறு ஊர் வேண்டாம்’ என்று அடித்துச் சொல்கிறவர் மனதில் ஆலை, சுரங்க ஊரின் படம்தான் இருக்கும். ‘சிறு ஊர்தான் சொர்க்கம்’ என்கிறவர் பல்கலைக்கழக ஊரில் வாழ்ந்திருப்பார். இருவரும் வேறு வேறு ஊர்களைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

விசாவே ஊரைச் சொல்லும்போது

பலருக்கு இந்தத் தேர்வு பாதி முடிந்தே வருகிறது. ஆஸ்திரேலியாவின் 491 விசா, அதாவது பெருநகரங்களுக்கு வெளியே குடியேறுகிறவர்களுக்கான தற்காலிக விசா, 2019 நவம்பரில் வந்தது. மாநிலமோ தகுதியுள்ள உறவினரோ முன்மொழிந்தால், விண்ணப்பதாரரைத் தேர்ந்தெடுக்கும் புள்ளிக் கணக்கில் 15 கூடும். குறைந்தபட்சத் தகுதியே 65 என்னும்போது இது பெரிய தூக்கல். பதிலுக்கு, 5 ஆண்டு செல்லும் அந்த விசாவில் இருக்கும்வரை அரசு குறித்த வட்டாரப் பகுதியில்தான் வசிக்கவும் வேலை செய்யவும் படிக்கவும் வேண்டும். 3 ஆண்டுகள் கழித்து நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த நிபந்தனை கூட வரும் குடும்பத்தாருக்கும் உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ‘வட்டாரப் பகுதி’ என்றதும் ஆட்டுப் பண்ணையை நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் விட்டால் மற்றதெல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகிறது. 20 லட்சம் பேருக்கு மேல் வாழும் பெர்த், அதற்கடுத்த அடிலெய்ட், தலைநகரம் கான்பரா எல்லாமே வட்டாரப் பகுதி. ஆக விசா உங்களைச் சிறு ஊருக்குத் தள்ளுகிறது என்று நினைத்துக்கொண்டு நகரத்திலேயே போய் இறங்கலாம்.

கனடாவில் கதை வேறு. 2019-ல் 11 ஊர்களோடு ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். தண்டர் பே, சட்பரி, டிம்மின்ஸ், மூஸ் ஜா போன்ற ஊர்கள் அதில் இருந்தன. அதன் வழியில் 2025-ல் 14 ஊர்களோடு ஊரகக் குடியேற்றத் திட்டம் வந்தது. இவை பெயரளவுக்கு அல்ல, உண்மையிலேயே நகரங்களிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்கள். அந்த ஊரின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வேலை தர வேண்டும், ஊரும் பரிந்துரைக்க வேண்டும். ஆனால் நிரந்தர வசிப்புரிமை கைக்கு வந்தபின், கனடாவின் உரிமைப் பட்டயம் 6-ஆம் பிரிவின்படி எந்த மாகாணத்திலும் போய் வாழலாம், பிழைக்கலாம். அதற்காக, தங்கும் எண்ணமே இல்லாமல் ஊரின் பரிந்துரையை வாங்கிக்கொண்டு விமானத்திலிருந்து நேராக டொராண்டோவுக்குப் போவது சரியல்ல. விண்ணப்பத்தில் பொய் சொன்னதாக அது திரும்பி வரலாம். அடுத்து அந்த ஊருக்கு விண்ணப்பிக்கும் குடும்பத்தின் வழியையும் அடைக்கும்.

விசா ஊரைக் கட்டிப்போடாத நிலையில் இருப்பவர்களுக்குத்தான் மீதி முழுதும் பொருந்தும். கட்டிப்போட்டவர்கள், அந்த 3 ஆண்டுகளை எந்த வகைச் சிறு ஊரில் கழிப்பது என்ற தேர்வு இன்னும் தங்கள் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வேலை போனால்

பின்லாந்தில் சாலோ என்று ஒரு ஊர். சுமார் 50,000 பேர். நோக்கியா கைப்பேசிகளைச் செய்த தொழிற்சாலை அங்கே இருந்தது. நல்ல காலத்தில் ஊரே அதனால் செழித்தது. 2012-ல் அங்கே உற்பத்தி நின்றது. கைப்பேசிப் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்ட், மிச்சமிருந்த பிரிவையும் மூடப்போவதாக 2015-ல் அறிவித்தது. ஒரே நேரத்தில் ஊரெல்லாம் வேலை தேடியது. வேலை தேடி வேறு ஊருக்குப் போகலாம் என்றால் வீட்டை விற்க வேண்டும், எல்லோரும் விற்கும்போது வாங்க யார் வருவார்கள்? அந்த நாட்டுக் குடிமகனுக்கே இந்தக் கதி.

வேலை விசாவில் இருப்பவருக்கு இதற்கு மேல் கடிகாரம் வேறு ஓடும். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கும்போது வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் புது நிறுவனம் மனு போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். பிரிட்டனின் திறன்மிகு பணியாளர் விசாவிலும் வழக்கமாக 60 நாள்தான் கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் இதைத் தளர்த்தி, நிறுவனம் எடுத்த விசாக்காரருக்கு ஒரு தடவைக்கு 180 நாள், மொத்தத்தில் 365 நாள் என்று ஆக்கியது. அறுபதுக்கும் நூற்றெண்பதுக்கும் உள்ள வித்தியாசம், பிள்ளை பள்ளியில் அந்தப் பருவத்தை முடிப்பதா, நடுவில் நிறுத்துவதா என்பதுதான்.

ஆகவே என் கணக்கு இது. வேலை விசாவில், 60 நாள் கெடுவோடு, ஒரே சம்பளத்தில் போகிற குடும்பம் ஒற்றை நிறுவன ஊருக்குப் போகாமல் இருப்பது நல்லது. சம்பளம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் சரி. உங்கள் தொழிலில் ஆள் எடுக்கும் நிறுவனம் போய்வரும் தூரத்தில் நான்கைந்தாவது இருக்க வேண்டும். வால்டோர்ஃப் இதில் தப்பித்துவிடும், ஏனென்றால் பக்கத்திலேயே ஹைடல்பர்க், மான்ஹைம் இருக்கின்றன. வரைபடத்தில் சுற்றிலும் காடும் வயலுமாக இருக்கும் ஊர் தப்பிக்காது.

மருத்துவர், செவிலியர், ஆசிரியர், மின்பணியாளர் போன்றவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. எந்த ஊருக்குப் போனாலும் மருத்துவமனையும் பள்ளியும் மின்கம்பியும் இருக்கும், சிறு ஊர்களில் ஆள் பற்றாக்குறையும் அதிகம். அவர்களுக்குச் சிறு ஊர் பல நேரங்களில் நகரத்தைவிடப் பாதுகாப்பானது. அமெரிக்காவில் ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர், மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் 3 ஆண்டு வேலை செய்தால் நாடு திரும்ப வேண்டிய நிபந்தனையிலிருந்து விலக்கு வாங்கலாம். ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் வரை அந்த வழியில் போகலாம். அரசே கதவைத் திறந்துவைத்திருக்கும்போது தயங்க வேண்டியதில்லை.

பகலில் அங்கே இருக்கப்போகிறவர்

வேலைக்கு வந்தவருக்கு முதல் நாளே அலுவலகம் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது, காப்பி குடிக்கக் கூப்பிட ஒருவர் இருக்கிறார். ஊர் நன்றாக இருக்கிறதா என்று அவரைக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். காலையில் போய் மாலையில் வருகிறவருக்கு எந்த ஊரும் நல்ல ஊர்தான். கேட்க வேண்டிய ஆள் அவர் அல்ல.

ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள். வீட்டில் ஒரே கார், அதை எடுத்துக்கொண்டு ஒருவர் காலை எட்டுக்கே போய்விட்டார். இன்னொருவர் ஐந்து வயது மகளைப் பள்ளியில் விட வேண்டும், வாசல் திறப்பது 8.45-க்கு. கையில் இரண்டு வயதுப் பையன். உள்ளூர் மொழி வகுப்பு பத்து மணிக்கு, ஊரின் மறுமுனையில். பேருந்து மணிக்கு ஒன்று, 8.50-க்கும் 9.50-க்கும். நிறுத்தம் பள்ளியிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை, அதுவும் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு. 8.50 கிடைக்காது. 9.50-ஐப் பிடித்தால் வகுப்பு பாதி முடிந்திருக்கும். வகுப்புக்குப் போனாலும் பையனை வைத்துக்கொள்ளக் காப்பகத்தில் இடம் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறது. சரி, அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அடுத்த பருவத்திலும் அதே பேருந்துதான். மொழி வரவில்லை, அதனால் வேலை இல்லை, வேலை இல்லாததால் இரண்டாவது கார் இல்லை. இப்படியே இரண்டு வருடம் ஓடிவிடும்.

இதே ஆள் பத்து நிமிடத்துக்கொரு டிராம் ஓடும் நகரத்தில், மூன்று இடத்தில் மொழி வகுப்பு நடக்கும் நகரத்தில் இருந்தால் நிலைமை வேறு. வாடகையில் கூடுதலாகக் கொடுத்த பணம் எங்கே போனது என்று கேட்டால், பெரும்பகுதி இதற்குத்தான் போனது.

கார் ஓட்டினால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். பாதி தீரும். ஆனால் உரிமம் உடனே கிடைக்காது. ஜெர்மனியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே எடுத்த உரிமம் குடியேறிய பின் 6 மாதம்தான் செல்லும். பிரிட்டனில், நேரடியாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இல்லாத நாடுகளின் உரிமம் 12 மாதம் செல்லும். அதற்கப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு, பயிற்சி வகுப்புச் செலவு, தேர்வு நாளுக்குக் காத்திருப்பு. சிறு ஊருக்குப் போவதென்று முடிவானால், கிளம்புவதற்கு முன்பே இருவரும் நன்றாகக் கார் ஓட்டப் பழகியிருக்க வேண்டும். இதை ஆலோசனையாகச் சொல்லவில்லை, நிபந்தனையாகவே சொல்கிறேன்.

இன்னொன்று, அவருக்கு வேலை செய்ய அனுமதியே இருக்கிறதா? ஜெர்மனியில் திறன்மிகு பணியாளரின் கணவனோ மனைவியோ தடையில்லாமல் வேலை பார்க்கலாம். அமெரிக்காவில் எச்-4 விசாக்காரருக்கு, எச்-1பி வைத்திருப்பவரின் பச்சை அட்டை விவகாரம் ஒரு கட்டத்தைத் தாண்டினால்தான் அனுமதி. கனடா 2025 ஜனவரியில் துணைவருக்கான திறந்த வேலை அனுமதியைக் குறிப்பிட்ட சில தொழில்களில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. அனுமதி இருந்தால் இரண்டு வேலை கிடைக்கும் ஊரைத் தேடுங்கள், அது பெரும்பாலும் நகரம்தான். அனுமதி இல்லையென்றால், நடந்துபோகும் தூரத்தில் நூலகம், பூங்கா, வகுப்பு, மனிதர்கள் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். அது நகரத்தின் உள்பகுதியாகவும் இருக்கலாம், நல்ல பல்கலைக்கழக ஊராகவும் இருக்கலாம். நகரத்தின் ஓரத்தில், எதற்கும் கார் வேண்டிய புறநகர் மட்டும் வேண்டாம். நகர வாடகையும் சிறு ஊர்த் தனிமையும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அது.

பிள்ளைகளின் வயது

எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சிறு ஊர் பெரும்பாலும் நல்லது என்பதே என் கருத்து. வகுப்பில் தன் மொழி பேச யாரும் இல்லாததால் ஓரிரு பள்ளி ஆண்டுகளிலேயே உள்ளூர் மொழியை உள்ளூர் உச்சரிப்போடு பேசிவிடுவார்கள். ஆசிரியருக்குப் பெற்றோரைத் தெரியும், நண்பன் வீடு அடுத்த தெரு. வீட்டு மொழி மெல்ல நழுவும், அதைப் பிடித்துவைப்பது முழுக்க வீட்டின் பொறுப்பு. நகரத்தில் வார இறுதித் தாய்மொழி வகுப்பாவது இருக்கும்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் வருகிற பிள்ளைக்கு இது தலைகீழ். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றாக வளர்ந்த கூட்டத்துக்குள் புதிதாக நுழைவது கஷ்டம். மொழியைத் தனியாகச் சொல்லித்தரும் ஆசிரியர் சிறு பள்ளியில் வாரத்துக்கு ஒரு நாள் வந்து போகிறவராக இருப்பார். நகரப் பள்ளிகளில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கென்றே தனி வகுப்புகள் இருக்கும், வகுப்பில் இன்னும் நான்கு பேர் அதே நிலையில் இருப்பார்கள். பாடத் தேர்வும் அங்கேதான் அகலம். பதினெட்டு வயதானதும் சிறு ஊர்ப் பிள்ளை படிப்புக்காக எப்படியும் வெளியேறத்தான் வேண்டும், அப்போது இரண்டு வீட்டுச் செலவு. நகரத்தில் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வரலாம்.

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளை எந்த வகைப் பள்ளிக்குப் போகும் என்று பிரித்துவிடுவார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் அது ஆறாம் வகுப்புக்கு அப்புறம். எட்டு, ஒன்பது வயதில் மொழி தெரியாமல் வரும் பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டு அவகாசம் பெரிது. அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளுக்குக் கணிசமான பணம் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால், நகரமா ஊரா என்று பார்ப்பதைவிட எந்தப் பள்ளி மாவட்டம் என்று பார்ப்பதில்தான் பொருள் இருக்கிறது.

பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியோ வேறு சிறப்புக் கவனிப்போ தேவைப்பட்டால் யோசிக்கவே வேண்டாம், நகரம். அங்கும் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் காத்திருந்தால் கிடைக்கும்.

பணம், வீடு

வாடகை குறைவு என்பது உண்மை. ஆனால் இரண்டு கார், அவற்றின் காப்பீடு, எரிபொருள், குளிர்நாடுகளில் குளிர்காலச் சக்கரங்கள் என்று போட்டுப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே குறையும். பல சிறு ஊர்களில் வாடகை குறைவாக இருந்தும் வாடகைக்கு வீடே இருக்காது. சொந்த வீடுகளால் ஆன ஊர் அது. வீடு தேடும் தளத்தில் சராசரி வாடகையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மூன்று அறை வீடு இன்றைக்கு எத்தனை காலியாக இருக்கிறது என்று பாருங்கள்.

‘சிறு ஊரில் சீக்கிரமே வீடு வாங்கிவிடலாம்’ என்ற ஆசைக்கும் விசாவைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2025 ஏப்ரல் முதல், தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கட்டப்பட்ட வீட்டை வாங்கத் தடை போட்டிருக்கிறார்கள், சில விதிவிலக்குகளைத் தவிர. 491 தற்காலிக விசாதான்.

அப்படியே வாங்க முடிந்தாலும் நகரத்திலிருந்து ஊருக்கு வருவது எளிது, ஊரிலிருந்து நகரத்துக்குப் போவது கடினம். சிறு ஊர் வீட்டை விற்ற பணம் நகரத்தில் முன்பணத்துக்குக்கூடப் போதாமல் போகலாம். எப்போதாவது நகரம் தேவைப்படும் என்று தோன்றினால் முதலில் நகரத்தில் இருந்துவிட்டு ஊருக்கு நகர்வது புத்திசாலித்தனம்.

மருத்துவம்

சளி, காய்ச்சல், தடுப்பூசிக்கு எந்த ஊரும் போதும். பிரசவம், நாள்பட்ட நோய், நள்ளிரவு அவசரம் இவற்றுக்குத்தான் கேள்வி. கனடாவின் ஒன்டாரியோவில் ஆள் பற்றாக்குறையால் சிறு மருத்துவமனைகள் சில தங்கள் அவசரப் பிரிவை அவ்வப்போது மூடிவைத்திருக்கின்றன. 2022-லிருந்து இது அடிக்கடி நடந்தது. கர்ப்பமாக இருப்பவரோடு போகிறீர்கள் என்றால் அருகிலுள்ள பிரசவ மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பள்ளிக்கு முன்பே பாருங்கள்.

ஆஸ்திரேலியச் சிறு ஊரில் உங்களைப் பார்க்கும் மருத்துவரும் பல நேரம் வெளிநாட்டிலிருந்து வந்தவராகவே இருப்பார். வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் நோயாளிகளைப் பார்க்க, பொதுவாக 10 ஆண்டுகள் வரை பற்றாக்குறைப் பகுதியில் வேலை செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஊரில் எப்படிப் பிழைப்பது என்று கேட்க அவரைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார்.

மனிதர்கள்

நகரத்தில் நம் மொழி பேசுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் ஒருவர் வடக்கு மூலையில், ஒருவர் தெற்கு மூலையில். மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் அதிகம். சிறு ஊரில் ஐந்து குடும்பம்தான் இருக்கும், வாரத்துக்கு இரண்டு முறை சந்திப்பீர்கள். உடம்பு சரியில்லை என்றால் சாப்பாடு வீடு தேடி வரும். அந்த ஐந்தில் ஒன்றோடு மனஸ்தாபம் வந்தால் அப்புறம் நான்கும் கஷ்டமாகிவிடும், ஒதுங்கிப் போக இடமிருக்காது.

உள்ளூர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிறு ஊரில் நீங்கள் எங்கே போனாலும் தெரிவீர்கள். நல்ல ஊராக இருந்தால் அஞ்சல்காரர் முதல் பள்ளித் தலைமையாசிரியர் வரை பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒருவர் முகத்தைச் சுளித்தால் அதுவும் உங்களுக்கென்று குறிவைத்துச் சுளித்ததாகவே இருக்கும். நகரத்தில் யாரும் உங்களைக் கவனிக்கவே மாட்டார்கள். சிலருக்கு அது விடுதலை, சிலருக்கு அதுவே வலி. இதில் எது உங்களுக்கு என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

ரயில் தூரத்தில் இருக்கும் ஊர்

பல குடும்பங்களுக்கு நல்ல விடை இதுதான் என்று நினைக்கிறேன். வாடகை சற்றுக் குறையும், பள்ளி சின்னதாக இருக்கும், நகரத்தின் வேலைச்சந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஜெர்மனியில் 2023 மே மாதம் தொடங்கிய மாதச் சீட்டில் நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்து எல்லாவற்றிலும் போகலாம், தொலைதூர ரயில்களில் மட்டும் ஏற முடியாது. இதனால் நாற்பது நிமிடம் தள்ளியிருக்கும் ஊர்கள் நகரத்துக்கு இன்னும் நெருங்கிவிட்டன.

ஆனால் இங்கேயும் விசா குறுக்கே வரலாம். மெல்பர்னுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இருக்கும் ஜீலாங், 491 விசாவுக்கு வட்டாரப் பகுதிதான். அங்கே வீடு எடுத்துக்கொண்டு மெல்பர்னில் அலுவலகம் போகலாம் என்று கணக்குப் போட்டால் விதி இடிக்கும், வேலையும் வட்டாரப் பகுதியில்தான் இருக்க வேண்டும். சுவீடனின் லுண்டிலிருந்து பாலத்தைத் தாண்டினால் கோபன்ஹேகன், தினமும் போய்வரலாம். ஆனால் சுவீடன் கொடுத்த வேலை அனுமதி டென்மார்க்கில் செல்லாது. தூரத்தை மட்டும் அளந்து ஊரைப் பிடிக்க வேண்டாம்.

என்ன முடிவெடுப்பது

இருவரும் அலுவலக வேலைக்காரர்கள், பிள்ளை பதின்வயதில், வேலை விசா: நகரம். ஒருவர் செவிலியர் அல்லது மருத்துவர், பிள்ளைகள் சின்னவர்கள், நிரந்தர விசா: சிறு ஊர், தயங்காமல். ஒற்றைச் சம்பளம், சின்னப் பிள்ளைகள், மென்பொருள் வேலை: ரயில் தூர ஊர் அல்லது பல்கலைக்கழக ஊர். வயதான பெற்றோரையும் கூட்டிப்போகிறவர்கள் இன்னொரு முறை யோசிக்க வேண்டும், அவர்களுக்குக் கார் ஓட்ட வராது, மொழியும் வராது, பகல் முழுக்க அங்கேயேதான் இருக்கப்போகிறார்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு மாலை உட்கார்ந்து சிலவற்றைப் பார்த்துவிடலாம். வேலைத் தளத்தில் இருவரின் தொழிலையும் போட்டு, ஐம்பது கிலோமீட்டருக்குள் இன்றைக்கு எத்தனை இடம் காலி என்று எண்ணுங்கள். பேருந்துத் தளத்தில் வேலைநாள் மதியம் இரண்டு மணிக்கும் ஞாயிறு மாலைக்கும் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு காப்பகங்களுக்கு மின்னஞ்சல் போட்டு, எப்போது இடம் கிடைக்கும் என்று கேளுங்கள். அந்த ஊர்ப் பள்ளியில் புதிதாக வரும் பிள்ளைக்கு மொழி சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் வரும் வேகத்திலிருந்தே அந்த ஊருக்குப் புதியவர்கள் பழக்கமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பல வீடுகளில் ஒருவர் முதலில் போய் மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிடுகிறார். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த மூன்று மாதமும் அவர் அலுவலகத்தையும் வீட்டையும் மட்டுமே பார்த்திருப்பார். அவர் ஒரு வேலைநாளில் விடுப்பு எடுத்து, காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பள்ளி, காப்பகம், மருத்துவர், மொழி வகுப்பு, மளிகைக் கடை ஐந்துக்கும் போய்த் திரும்பி வரட்டும். எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு வீடு வந்தார் என்று குறித்து அனுப்பட்டும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு வரப்போகிறவர் சரி என்றால் டிக்கெட் போடலாம்.